மே தினத்தில் வடகம்

மே 1 எங்கள் பனியன் கம்பெனிக்கு லீவு. தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் 1923இல் சென்னையில் கொண்டாடி, இந்தியாவில் தொடங்கிவைத்த நாள். தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி சம்பளத்தோடு விடுமுறை. அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், இல்லையென்றால் சம்பளத்தோடு மாற்று லீவு.

எனக்கோ விடியுமுன்னே ஜவ்வரிசிக் கூழ் கிண்டும் வேலை. திருப்பூர் வெயில் ஏறுவதற்குள் மொட்டைமாடியில் பழைய வேட்டியை விரித்தோம். பெரியவள் கரண்டியால் வட்டவட்டமாக ஊற்றினாள். காக்கா விரட்ட உட்கார்ந்த சின்னவன் பச்சை மிளகாய்க் காரத்தோடு கூழை வழித்து வழித்துத் தின்றான். பொரித்த வடகத்தைவிடக் கூழே ருசி. நானும் அவன் கட்சிதான்.

“வீட்டு வேலைக்கு டபுள் சம்பளம் உண்டாம்மா?” என்றாள் மகள். 2019 தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97. இதை நான் சொன்னதும் வீட்டுக்காரர் பாத்திரம் விளக்க எழுந்தார். அடிப்பிடித்த கூழ்ச்சட்டியை மட்டும் எனக்கே விட்டுவிட்டார்.