வழுவும் வழுவமைதியும்: வளாகம் இல்லாத கல்லூரி குறித்துச் சில குறிப்புகள்

அமெரிக்க உயர்கல்விச் சொல்லாடலில் புழங்கும் ஒரு பெயரிலிருந்து தொடங்கலாம்: 'மரபுசாரா மாணவர்'. பள்ளி முடித்த கையோடு கல்லூரியில் சேராதவர், பகுதிநேரமாகப் படிப்பவர், வாரத்துக்கு 35 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்ப்பவர், பெற்றோர் காசை எதிர்பார்க்காதவர், வாழ்க்கைத் துணை தவிர வேறு யாரையாவது காப்பாற்ற வேண்டியவர், தனியாளாய் நின்று பிள்ளை வளர்ப்பவர், பள்ளியிறுதிப் பட்டயம் இல்லாதவர் - 1990களில் அந்நாட்டின் கல்விப் புள்ளியியல் மையம் வகுத்துக்கொண்ட ஏழு அடையாளங்கள் இவை. ஏழில் ஒன்று இருந்தால் போதும், நீங்கள் மரபுக்கு வெளியே. சரி, எத்தனை பேர் அப்படி வெளியே நிற்கிறார்கள்? 1999-2000 கல்வியாண்டின் கணக்கை வைத்து அதே மையம் 2002ல் சொன்னது: இளநிலை மாணவர்களில் 73 சதம் பேர்.

முக்கால்வாசிப் பேர் விதிவிலக்கு, கால்வாசிப் பேர் விதி. விந்தைதான். ஆனால் தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இதில் பெரிய ஆச்சரியம் ஏதுமில்லை. நன்னூலார் சொல்லும் வழுக்களும் ஏழு. அதில் ஏழாவது மரபு வழு. வழு என்பது எவ்வளவு பேர் அப்படிப் பேசுகிறார்கள் என்பதைப் பொறுத்ததல்ல, 'உயர்ந்தோர்' எப்படிப் பேசுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. பதினெட்டு வயது, வீட்டுக் காசு, விடுதி அறை, பகல் முழுக்க ஓய்வு - இந்த உடலைத்தான் கல்லூரிக் காலஅட்டவணை தன் எழுவாயாக வைத்திருக்கிறது. மற்ற உடல்கள் எல்லாம் வழு. அவற்றை என்ன செய்வது என்ற கேள்விக்கு அமெரிக்க அரசு கண்டுபிடித்த வழுவமைதிதான் சமுதாயக் கல்லூரி. அதற்குள்ளே இன்னொரு வழுவமைதி இணையவழிப் படிப்பு. வழுவமைதி என்றால் தவறு சரியாகிவிட்டது என்று பொருளில்லை. தவறுதான், காரணம் கருதிப் பொறுத்துக்கொள்கிறோம் என்று பொருள். இந்த வேறுபாடு முக்கியம்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1901ல் இலினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் தொடங்கிய ஈராண்டுக் கல்லூரியை முதலாவது என்பார்கள். 1947ல் அதிபர் ட்ரூமன் அமைத்த குழு, வீட்டுக்குப் பக்கத்தில் கட்டணமில்லாத ஈராண்டுக் கல்வி எல்லோருக்கும் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதன்பின் ஊர் ஊராகப் பெருகின. நுழைவுத் தேர்வு வைத்து வெளியே தள்ளுவது கிடையாது. கதவு திறந்தே இருக்கும். ஈராண்டு படித்துவிட்டு நாலாண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளலாம் என்பது வாக்குறுதி.

இந்தத் திறந்த கதவைப் பற்றி பர்ட்டன் கிளார்க் என்ற சமூகவியலாளர் 1960ல் எழுதிய கட்டுரையைச் செயல்பாட்டாளர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் தன் கருத்தாக்கத்தை எங்கிருந்து எடுத்தார் என்பதே சுவாரஸ்யம். எர்விங் காஃப்மன் 1952ல் மோசடிக்காரர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தார். மூணு சீட்டு மாதிரியான ஆட்டத்தில் ஒருவனை மொட்டையடித்த பிறகு கும்பல் ஓடிவிடும். ஆனால் ஒருத்தன் மட்டும் பின்தங்கி, ஏமாந்தவன் தோளில் கைபோட்டு, 'விடுப்பா, இதெல்லாம் நடக்கிறதுதான்' என்று ஆற்றுவான். ஏமாந்தவன் போலீசுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது அவன் வேலை. இதைத்தான் காஃப்மன் 'ஆறப்போடுதல்' என்றார். கிளார்க் சொன்னது: எல்லோரும் மேலே வரலாம் என்று ஆசை காட்டும் சமூகம், எல்லோருக்கும் மேலே இடம் வைத்திருக்கவில்லை. இந்த இடைவெளியைக் கோபமாக மாறவிடாமல் ஆற்றும் வேலையை ஈராண்டுக் கல்லூரி செய்கிறது. வெளியே போ என்று யாரும் சொல்வதில்லை. மதிப்பெண் கோப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தடிக்கும். ஆலோசகர் கூப்பிட்டு உட்காரவைத்து, பொறியியலை விட வேறொரு தொழிற்பயிற்சி உனக்குப் பொருந்துமே என்பார். கடைசியில் மாணவர், தோற்றது தான்தான், கல்லூரி அல்ல என்று தானே முடிவுக்கு வந்துவிடுவார். அதிகாரம் இவ்வளவு மென்மையாக இயங்கும்போது அதை அதிகாரம் என்று அடையாளம் காண்பதே கஷ்டம்.

இப்போது இணையத்துக்கு வருவோம். தொலைவிலிருந்து கற்பிப்பது புதிதல்ல. சிகாகோவின் நகரக் கல்லூரிகள் 1956லேயே தொலைக்காட்சி வழியாகப் பாடம் நடத்தின. பிரச்சினை தொழில்நுட்பமல்ல, பணம். அஞ்சல்வழிப் படிப்பு என்ற பெயரில் அரசின் மாணவர் உதவித்தொகையைச் சுருட்டிய தனியார் நிறுவனங்களைக் கட்டுப்படுத்த 1992ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு விதி கொண்டுவந்தது: பாடங்களிலோ மாணவர்களிலோ பாதிக்கு மேல் வளாகத்துக்கு வெளியே என்றால் அந்த நிறுவனத்துக்கு உதவித்தொகைத் தகுதி இல்லை. 2006ல் இணையவழிப் படிப்பை இந்த விதியிலிருந்து விலக்கினார்கள். வணிகக் கல்வி நிறுவனங்கள் பாய்ந்து வளர்ந்ததில் இதற்குப் பங்குண்டு. ஆனால் இன்றும் சட்டத்தில் ஒரு கோடு இருக்கிறது: ஆசிரியர் மாணவரோடு 'முறையாகவும் பொருளுள்ள விதத்திலும்' ஊடாடினால்தான் அது தொலைநிலைக் கல்வி, இல்லாவிட்டால் வெறும் அஞ்சல்வழி. ஆசிரியர் என்றால் யார் என்பதைச் சட்டம் வரையறுக்க வேண்டிய நிலைமை வந்துவிட்டது பாருங்கள்.

அரிசோனா மாநிலத்தின் ரியோ சலாடோ கல்லூரியை எடுத்துக்கொள்வோம். ஸ்பானியப் பெயர், தமிழில் உப்பாறு எனலாம். மேலே கட்டிய அணைகளால் ஃபீனிக்ஸ் வட்டாரத்தில் பெரும்பாலும் வறண்டு கிடக்கும் ஆறு அது. 1978ல் தொடங்கியபோதே வழக்கமான வளாகம் இல்லாத கல்லூரியாகத் தொடங்கினார்கள். 1996 முதல் இணையப் பாடங்கள். பருவம் தொடங்கும் நாள் வரை காத்திருக்க வேண்டாம் - ஏறக்குறைய ஒவ்வொரு திங்கட்கிழமையும் வகுப்பு தொடங்கும் என்ற ஏற்பாடு அவர்களுடைய புகழ்பெற்ற கண்டுபிடிப்பு. ஷிப்டு மாறிக்கொண்டே இருக்கும் ஒரு தொழிலாளிக்கோ கைக்குழந்தைக்காரிக்கோ இது சும்மா இல்லை. காலஅட்டவணை என்பது மடாலயத்திலிருந்து பள்ளிக்கு வந்த ஒழுங்காற்றுக் கருவி என்று ஃபூக்கோ எழுதினார். அதை உடைத்தவர் ஒரு கலகக்காரர் இல்லை, ஒரு நிர்வாகி.

உடைத்த இடத்தில் என்ன முளைத்தது என்பதையும் பார்க்கத்தான் வேண்டும். இருபது சொச்சம் முழுநேர ஆசிரியர்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் - 2010களில் அந்தக் கல்லூரியின் உழைப்புப் பிரிவினை இதுதான். பாடத்தை ஒருமுறை வடிவமைத்து வைத்துவிடுவார்கள். ஒப்பந்த ஆசிரியர் அதை ஓட்டுவார், திருத்துவார், மின்னஞ்சலுக்குப் பதில் போடுவார். மாணவரின் நெகிழ்வான நேரத்துக்கு விலையாக ஆசிரியரின் நிலையான வேலை போகிறது. இரண்டு பக்கமும் உழைப்பாளிகள்தான். ஒருவர் வசதி இன்னொருவர் தலையில் விடிகிறது.

2010 வாக்கில் அங்கே இன்னொன்றும் வந்தது. மாணவர் எத்தனை முறை உள்நுழைகிறார், பாடப் பக்கங்களில் என்ன செய்கிறார், ஒப்படைப்பில் எவ்வளவு பின்தங்குகிறார் என்பதைக் கணினி எண்ணி, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் கொடுக்கும். வகுப்பு தொடங்கிய எட்டாவது நாளிலேயே ஒருவர் தேறுவாரா மாட்டாரா என்று சுமார் 70 சதத் துல்லியத்தோடு சொல்லிவிடலாம் என்றார்கள். அதாவது பத்துப் பேரில் மூன்று பேர் விஷயத்தில் தவறு. சிவப்பு விழுந்தவரை ஆசிரியர் கூப்பிட்டுப் பேசினால் அது கருணை. கூப்பிட ஆளில்லாவிட்டால் அது தீர்ப்பு. கிளார்க்கின் காலத்தில் ஆற்றுவதற்கு ஒரு ஆலோசகராவது எதிரே உட்கார்ந்திருந்தார். அவரிடம் சண்டை போடலாம், அழலாம், நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போகலாம். நிறத்தோடு எப்படிச் சண்டை போடுவது? அடைத்துவைக்கும் பள்ளி போய் முடிவேயில்லாத பயிற்சி வரும் என்று 1990ல் தெல்யூஸ் எழுதியது இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது.

இதோடு நிறுத்திவிட்டு 'கண்காணிப்பு' என்று முத்திரை குத்திக் கட்டுரையை முடித்துக்கொள்வது நம் வட்டாரத்தில் எளிது. ஆனால் அது யோக்கியமாக இருக்காது. வாஷிங்டன் மாநிலத்தின் 34 ஈராண்டுக் கல்லூரிகளில் சுமார் 40,000 மாணவர்களின் பாடப் பதிவுகளை வைத்து டி ஷூ, ஷானா ஜாகர்ஸ் இருவரும் 2013ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நேர்வகுப்பை விட இணைய வகுப்பில் எல்லா வகை மாணவருமே பின்தங்கினார்கள். அதிகமாகப் பின்தங்கியவர்கள்: ஆண்கள், இளையவர்கள், கறுப்பினத்தவர், ஏற்கெனவே மதிப்பெண் குறைந்தவர்கள். ஏற்றத்தாழ்வு கூடுகிறது, கதை முடிந்தது என்று தோன்றும். மறுவருடமே, 2014ல், பீட்டர் ஷே, டெம்மி பிட்ஜெரனோ இருவரும் நாடு தழுவிய தரவை வைத்து வேறொன்றைக் காட்டினார்கள்: தொடக்கத்திலேயே சில இணையப் பாடங்களை எடுத்த சமுதாயக் கல்லூரி மாணவர்கள் படிப்பை முடித்துப் பட்டம் பெறும் வாய்ப்பு, எடுக்காதவர்களை விட அதிகம்.

முரண்பாடு போலத் தெரிகிறது. எனக்கு அப்படிப் படவில்லை. தனியொரு பாடத்தில் தோற்கும் ஆபத்து கூடும்போதே, படிப்பு என்ற நீண்ட பயணத்திலிருந்து முற்றாக விழாமல் இருக்கும் வாய்ப்பும் கூடலாம். நேர்வகுப்பை ஒப்பீட்டு அளவுகோலாக வைக்கும்போது அந்த வகுப்புக்குப் போகமுடிந்தவரைத்தான் நாம் கணக்கில் எடுக்கிறோம். பகல் பதினோரு மணி வகுப்புக்கு வரவே முடியாத பெண்ணுக்கு மாற்று என்பது நல்ல ஆசிரியரின் நேர்வகுப்பு அல்ல. எந்த வகுப்பும் இல்லை என்பதுதான். தரம் குறைந்துவிட்டது என்று புலம்பும் பேராசிரியர்கள் இந்தப் பெண்ணைத் தங்கள் வாதத்துக்குள் ஒருமுறை உட்காரவைத்துப் பார்க்கலாம்.

இவளைச் சந்தை எப்போதோ கண்டுபிடித்துவிட்டது. அதே ஃபீனிக்ஸ் வட்டாரத்தில் ஜான் ஸ்பெர்லிங் 1976ல் தொடங்கிய ஃபீனிக்ஸ் பல்கலைக்கழகம் லாபத்துக்காக நடக்கும் நிறுவனம். வேலை பார்க்கும் வயதுவந்தோர்தான் அதன் இலக்கு. 1989லேயே இணையப் படிப்பை ஆரம்பித்தது. பெரிய நிறுவனங்களில் வேலை காத்திருப்பதுபோல் தோற்றம் காட்டி விளம்பரம் செய்ததாக எழுந்த வழக்கை 2019ல் 19 கோடியே 10 லட்சம் டாலருக்குத் தீர்த்துக்கொண்டது. அதில் 14 கோடியே 10 லட்சம் மாணவர்கள் கல்லூரிக்குத் தரவேண்டியிருந்த கடனைத் தள்ளியது. ஒரே ஊர், ஒரே வகை மாணவர், ஒரே தொழில்நுட்பம். ஒன்று வரிப்பணத்தில், மற்றது பங்குச் சந்தையில். 'இணையக் கல்வி' என்று மொத்தமாய்ப் பேசுகிறவர்கள் மறைப்பது இந்த வேறுபாட்டைத்தான்.

அரசு நடத்தினால் எல்லாம் சரியாகிவிடுமா? கலிஃபோர்னியாவின் கால்பிரைட் அனுபவம் வேறு சொல்கிறது. 2018ல் ஆளுநர் ஜெரி பிரவுன் முன்கை எடுத்து உருவாக்கிய, முழுக்க இணையவழி இயங்கும் 115ஆவது சமுதாயக் கல்லூரி அது. பட்டமில்லாமல் வேலை பார்க்கும் 25 முதல் 34 வயதினர் இலக்கு. தொடக்கச் செலவுக்கு 10 கோடி டாலர், ஆண்டுதோறும் 2 கோடி. கட்டணம் கிடையாது. பருவமும் கிடையாது: திறன் வந்துவிட்டது என்று காட்டினால் அடுத்த படி. 2019 அக்டோபரில் திறந்தார்கள். 2021 மே மாதம் மாநிலத் தணிக்கையாளர் அறிக்கை வந்தது: முதலாண்டில் சேர்ந்த 904 பேரில் முடித்தவர்கள் 12. மற்ற சமுதாயக் கல்லூரிகள் ஏற்கெனவே நடத்தும் படிப்புகளையே இது திரும்ப நடத்துகிறது என்று ஆசிரியர் அமைப்புகள் முதலிலிருந்தே எதிர்த்து வந்தன. கீழவை அதை மூடிவிட ஒருமனதாக வாக்களித்தது. மேலவையில் நகராததால் கல்லூரி பிழைத்தது. பிறகு சேர்க்கை ஆயிரக்கணக்கில் உயர்ந்திருக்கிறது.

அந்த 12 என்ற எண்ணை வைத்துச் சிரித்தவர்கள் அதிகம். காலக்கெடு இல்லாத படிப்பில் ஒருவர் எப்போது 'நின்றுவிட்டார்' என்று எப்படிக் கணக்கிடுவது என்ற கேள்வியைக் கேட்டவர்கள் குறைவு. பருவத்தை ஒழித்துவிட்டுப் பருவத்தின் கணக்கால் அளந்தால் எல்லோரும் தவறியவர்களாகத்தான் தெரிவார்கள். அதேசமயம், சும்மா கிடைக்கும் நேரத்தில் படி என்று சொல்வது, சும்மா நேரமே இல்லாதவரிடம் சொல்லப்படுகிறது என்பதையும் மறக்கக் கூடாது. மடிக்கணினியும் இணைய இணைப்பும் இரவல் தரலாம். தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் விழித்திருக்கும் இரண்டு மணி நேரத்தை யார் இரவல் தருவது?

இங்கே ஓர் இடைக்குறிப்பு. 'சமுதாயக் கல்லூரி' என்ற பெயர் 1995-96ல் புதுவைக்கும் சென்னைக்கும் வந்து சேர்ந்தபோது திறந்த கதவும் தொழிற்பயிற்சியும் வந்தன. பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போகும் பாலம் அந்த அளவுக்கு வரவில்லை. பொறுத்துக்கொள்ளப்பட்டவர்களுக்கு ஒரு தனி அறை. நம்முடைய அஞ்சல்வழிப் பட்டத்தை நேர்முகத் தேர்வில் எப்படிப் பார்ப்பார்கள் என்பது இதை வாசிக்கும் பலருக்குத் தெரியும்.

கடைசியாக, கலிஃபோர்னியாவில் நடந்துவரும் ஒரு கூத்து. பெருந்தொற்றுக் காலத்தில் வகுப்புகள் இணையத்துக்குப் போன பிறகு, 2021 முதல், அங்குள்ள சமுதாயக் கல்லூரிகளில் 'பேய் மாணவர்கள்' சேர ஆரம்பித்தார்கள். திருடிய அடையாளங்களும் நிரல்களும் விண்ணப்பம் போட்டு, வகுப்பில் இடம் பிடித்து, உதவித்தொகை கைக்கு வந்ததும் காணாமல் போகும். 2024 தொடக்கத்தில் விண்ணப்பங்களில் ஏறக்குறைய நாலில் ஒன்று போலி என்று சந்தேகிக்கப்பட்டது. அசலான மாணவர் சேரப் போனால் வகுப்பு நிரம்பிவிட்டது என்கிறது திரை. ஆகவே ஆசிரியர்கள் முதல் வாரத்தில் பாடத்தை விட்டுவிட்டு, பட்டியலில் இருக்கும் பெயர்களுக்குப் பின்னால் உடல் உண்டா என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள். முதல் வாரம் உள்நுழையாதவர், கேமராவைத் திறக்காதவர், தொலைபேசியை எடுக்காதவர் பேய் என்று நீக்கப்படலாம். இரவு ஷிப்டு முடிந்து தூங்கிக்கொண்டிருப்பவரும் முதல் வாரம் இப்படியேதான் இருப்பார்.