துப்பாக்கி யார் கையில், சட்டம் யார் கையில்?

'அதிகாரம் கீழே இறங்க வேண்டும், மையம் உடைய வேண்டும்' என்று நானும் எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறேன். சமீபத்தில் ஒரு நண்பர் மடக்கினார்: 'மேலே இருக்கிறவன் நியாயமான சட்டம் போட்டு, கீழே இருக்கிறவன் அதை மறிச்சா, அப்போ நீ யார் பக்கம்?' எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் துப்பாக்கிச் சட்டக் கதையை இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு படித்துப் பார்த்தேன்.

வாஷிங்டன் எந்த மாநிலத்தையும் சேர்ந்ததல்ல. தலைநகர் மீது சட்டமியற்றும் முழு அதிகாரமும் காங்கிரசுக்கே என்கிறது அவர்களுடைய அரசியல் சட்டம். அங்கே சுமார் 7 லட்சம் பேர் வாழ்கிறார்கள். இதைவிடக் குறைந்த மக்கள் தொகை கொண்ட வயோமிங் மாநிலத்துக்கு இரண்டு செனட்டர்கள் உண்டு. வாஷிங்டனுக்கு ஒருவரும் கிடையாது. பிரதிநிதிகள் சபையில் ஒரே ஒரு பிரதிநிதி. பேசலாம், குழுக்களில் வாக்களிக்கலாம், ஒரு சட்டத்தின் மீது சபையில் இறுதி வாக்களிக்க முடியாது. மத்திய வருமான வரி மட்டும் எல்லாரையும் போலக் கட்டியாக வேண்டும்.

1874இலிருந்து நூறாண்டுகள் அந்நகரத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகமே இல்லை. நிர்வாகத் திறமை, மத்திய அரசின் நலன் என்றெல்லாம் காரணம் சொன்னாங்க. 1950களின் இறுதியில் நகரம் கறுப்பர் பெரும்பான்மை நகரமானபோது உண்மைக் காரணம் மேலும் அப்பட்டமாகத் தெரிந்தது. நகரத்துக்கான காங்கிரஸ் குழுவுக்கு நெடுங்காலம் தலைமை வகித்தவர் தென்கரோலினாவின் ஜான் மக்மில்லன், இனஒதுக்கலை ஆதரித்தவர். 1967இல் நியமனம் பெற்ற கறுப்பின நிர்வாகி வால்டர் வாஷிங்டன் தன் முதல் வரவுசெலவுத் திட்டத்தை அனுப்பியதும், மக்மில்லன் பதிலுக்கு ஒரு லாரி நிறைய தர்பூசணிப் பழம் அனுப்பிவைத்தாராம். கறுப்பர்களைக் கேலி செய்ய அமெரிக்க வெள்ளையர் கையாண்டுவந்த பழம் அது. மேலாதிக்கம் எப்போதும் சட்டப்பிரிவாக மட்டுமே பேசுவதில்லை.

1973இல் 'உள்ளாட்சிச் சட்டம்' வந்தது. 1975இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மேயரும் நகரமன்றமும் பொறுப்பேற்றனர். ஆனால் கயிறு காங்கிரஸ் கையிலேயே இருந்தது. நகரமன்றம் இயற்றும் சட்டம் 30 அமர்வு நாட்கள் காங்கிரசின் மேசையில் கிடக்க வேண்டும். குற்றவியல் சட்டமென்றால் 60 நாட்கள். அதற்குமேலும் எப்போது வேண்டுமானாலும் காங்கிரஸ் நேரடியாகச் சட்டம் போடலாம்.

இந்த அரைகுறை அதிகாரத்தை வைத்துக்கொண்டு 1976இல் நகரமன்றம் செய்த முதல் பெரிய காரியங்களில் ஒன்று துப்பாக்கிக் கட்டுப்பாடு. புதிதாகக் கைத்துப்பாக்கி பதிவு செய்வது ஏறக்குறைய முழுவதுமாகத் தடுக்கப்பட்டது. வீட்டிலிருக்கும் துப்பாக்கியும் குண்டு அகற்றப்பட்டு, பிரித்தோ பூட்டியோ வைக்கப்பட வேண்டும். இந்தச் சட்டம் கொலைகளை நிறுத்திவிட்டது என்று நான் வாதாட வரவில்லை. 1991இல் மட்டும் சுமார் 480 பேர் அங்கே கொல்லப்பட்டார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வர்ஜீனியாவில் கடையில் வாங்கிவரலாம் என்றால் நகர எல்லை என்ன செய்யும்? சட்டம் போதுமா போதாதா என்பது வேறு கேள்வி. அதைக் கேட்டு முடிவு செய்ய வேண்டியவர் யார் என்பதுதான் இங்கே என் கேள்வி.

2008இல் ஹெல்லர் வழக்கில் உச்சநீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அச்சட்டத்தின் முக்கியப் பகுதிகளைச் செல்லாதெனத் தள்ளியது. நகரமன்றம் தீர்ப்புக்கேற்ப, பதிவு முறையைக் கைவிடாமல் புதுச்சட்டம் எழுதிக்கொண்டது. அடுத்த ஆண்டுதான் உண்மையான கூத்து. நகரத்துக்குச் சபையில் ஒரு முழு வாக்கு தரும் மசோதா செனட்டில் 61-37 என்று நிறைவேறியது. கூடவே நெவாடாவின் செனட்டர் ஜான் என்சைன் ஒரு திருத்தத்தை 62-36 என்று ஒட்டவைத்துவிட்டார்: துப்பாக்கிப் பதிவு ரத்து, நகரமன்றம் இனி இந்த விஷயத்தில் கட்டுப்பாடு விதிக்கும் அதிகாரமும் பறிப்பு. அதாவது, 'உனக்கு வாக்குரிமை தர்றேன், உன் தெருவைப் பற்றி முடிவெடுக்கிற உரிமையைக் குடு' என்ற பேரம். 2010 ஏப்ரலில் சபைத் தலைமை மசோதாவையே கிடப்பில் போட்டது. வாக்கும் வரவில்லை.

இந்தப் பேரத்தை நடத்தியவர்களில் பலர் மற்ற நாட்களில் 'மாநில உரிமை', 'உள்ளூர்ச் சுதந்திரம்' என்று முழங்குகிறவர்கள். இலினாய் மாநிலத்தின் மார்ட்டன் க்ரோவ் என்ற சிற்றூர் 1981இல் கைத்துப்பாக்கியைத் தடை செய்ததும், ஊர்களின் கையைக் கட்டும் மாநிலச் சட்டங்கள் வரிசையாக வந்தன. ஃப்ளோரிடாவில் 2011 முதல், உள்ளூர்த் துப்பாக்கிச் சட்டம் இயற்றும் உறுப்பினருக்கு அபராதமும் பதவி நீக்கமும் விதிக்கலாம். ஆக, 'உள்ளூர்' என்பது இவர்களுக்குக் கொள்கையில்லை, வசதி.

சரி, நமக்கு மட்டும் அது கொள்கையா? நண்பரின் கேள்வி இங்கேதான் குத்துகிறது. 1865-66இல் விடுதலை பெற்ற கறுப்பர்களிடமிருந்து ஆயுதங்களைப் பறித்தவை தென்மாநிலங்கள்தான். 1866இல் குடியுரிமைச் சட்டம் போட்டு அந்தக் 'கறுப்புச் சட்டங்களை' எதிர்த்தது மையம். 1967இல் கலிஃபோர்னியா பொது இடங்களில் குண்டு நிரப்பிய துப்பாக்கி ஏந்துவதைத் தடுத்தது, கறுஞ்சிறுத்தைகள் ஏந்தியதால். துப்பாக்கிக் கட்டுப்பாடும் புனிதமான சொல் இல்லை, உள்ளாட்சியும் இல்லை.

எனவே மேலே, கீழே என்று அளப்பதை நான் விட்டுவிட்டேன். சட்டத்தின் கீழ் வாழ்கிறவர், அதைப் போட்டவரை வீட்டுக்கு அனுப்ப முடியுமா? 1866இல் தென்மாநிலக் கறுப்பரால் முடியாது. அங்கே மையத்தின் தலையீடு நியாயம். 1976இல் நகரமன்றத்தை வாஷிங்டன்காரரால் மாற்ற முடியும். நெவாடாவின் செனட்டரை அவரால் என்ன செய்ய முடியும்? நீதிமன்றம் உரிமையின் பேரால் தடுப்பது தனி விவாதம். அது காங்கிரசையும் சேர்த்தே கட்டுப்படுத்தும்.

நண்பர் ஒத்துக்கொள்ளவில்லை. 'அப்போ நல்ல சட்டம், கெட்ட சட்டம்னு ஒண்ணுமே இல்லையா?' என்றார். இருக்கிறது, ஆனால் அதை அந்த ஊர்க்காரர்களோடு சண்டை போட்டுத்தான் தீர்க்க வேண்டும் என்றேன். 2023இல் நகரமன்றத்தின் குற்றவியல் சட்டத் திருத்தத்தைக் காங்கிரஸ் ரத்து செய்து, ஜனாதிபதி பைடனும் கையெழுத்திட்டார். 2025 ஆகஸ்டில் ஜனாதிபதி டிரம்ப் அதே 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு பிரிவைக் காட்டி நகரப் போலீசை 30 நாட்களுக்குத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டார். இரண்டு கட்சி, ஒரே கயிறு.