வாணலியில் மிஞ்சிய எண்ணெய்

1898ஆம் ஆண்டில் பெங்களூருவைக் கொள்ளைநோய் தாக்கியது. அதன் பின்னர் நெரிசலைக் குறைக்கத் திட்டமிட்டு அமைக்கப்பட்ட குடியிருப்புகளுள் ஒன்று பிரேசர் டவுன். இன்று அதற்குப் புலிகேசி நகர் என்று பெயர். ஆயினும் மக்கள் நாவில் பழைய பெயரே நிலைத்திருக்கிறது. அங்குள்ள மாஸ்க் ரோட்டின் ரமலான் மாத உணவுக் கடைகள் நகரெங்கும் புகழ்பெற்றவை. சமோசாவும் கோழி வறுவலும் எண்ணெயில் பொரியும் மணம் தெருமுனை வரை வீசும். கடை மூடிய பின் வாணலியில் மிஞ்சும் கறுத்த எண்ணெய் எங்கே போகிறது?

ஒரே எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சும்போது, உணவிலுள்ள நீரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் அதைச் சிதைக்கின்றன. நிறம் கறுக்கிறது, நுரை எழுகிறது, உடலுக்குத் தீங்கு செய்யும் சேர்மங்கள் பெருகுகின்றன. இவ்வாறு உண்டாகும் 'முனைவுறு சேர்மங்கள்' 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்னும் விதி 2018 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. எனினும் பெரிய சமையற்கூடங்களில் கழித்த எண்ணெயை மலிவு விலைக்கு வாங்கிப் பலகாரம் சுடும் சிறு கடைகள் உண்டு. அங்கே உண்பவர் பெரும்பாலும் அன்றாடக் கூலியாளர். ஆகவே, அந்த எண்ணெய்க்கு வேறொரு பயனைக் கண்டறிவது அவர்களின் உடல்நலத்தைக் காக்கும் வழியும் ஆகும்.

அத்தகைய பயன்களுள் ஒன்று எரிபொருள். இது புதிய எண்ணம் அன்று. 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் டீசல் இயந்திரம் ஒன்று கடலை எண்ணெயில் ஓடியது. பெங்களூருச் சாலையோரங்களில் நிழல் தரும் புங்கமரத்தைக் கன்னடர் 'ஹொங்கே' என்பர். அதன் விதை எண்ணெயைக் கொண்டு டீசல் இயந்திரங்களை இயக்கும் முயற்சியில் இந்நகரின் இந்திய அறிவியல் நிறுவனப் பேராசிரியர் உடுப்பி ஸ்ரீநிவாசா ஈடுபட்டார். ஆனால் தாவர எண்ணெய் டீசலைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு தடித்தது. அதை அப்படியே ஊற்றினால், இக்கால வண்டிகளின் நுண்ணிய எரிபொருள் துளைகள் நாளடைவில் அடைபடும். எனவே அதன் தடிப்பைக் குறைக்க வேண்டும்.

எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு கைப்பிடியில் கோத்த மூன்று நீண்ட சங்கிலிகளைப் போன்றது. கைப்பிடி கிளிசரின், சங்கிலிகள் கொழுப்பு அமிலங்கள். எரிசோடா போன்ற வினையூக்கியைக் கரைத்த மெத்தனாலை எண்ணெயுடன் சேர்த்து, 60 டிகிரி செல்சியசுக்கு மிகாத சூட்டில் கலக்கினால், சங்கிலிகள் கைப்பிடியைவிட்டுக் கழன்று மெத்தனாலுடன் இணைகின்றன. அவ்வாறு தனித்தனியாகிய சங்கிலிகளே உயிரி டீசல். 100 லிட்டர் எண்ணெய்க்கு ஏறத்தாழ 20 லிட்டர் மெத்தனால் தேவைப்படும். கலவையை அசையாமல் வைத்தால் கனமான கிளிசரின் அடியில் தங்கும். உயிரி டீசல் மேலே நிற்கும். அதைப் பிரித்து, நீரால் கழுவி, ஈரம் போக்க வேண்டும். பழைய எண்ணெயில் ஒரு சிக்கல் உண்டு. அதில் முன்பே கழன்றுவிட்ட கொழுப்பு அமிலங்களும் நீரும் இருப்பதால், எரிசோடா பட்டவுடன் சோப்பு உண்டாகிவிடும். ஆகையால் முதலில் வடிகட்டி, நீரை நீக்கி, அமிலத்தின் அளவைச் சோதித்தறிந்த பின்னரே வினையைத் தொடங்குவர்.

இதை வீட்டிலேயே செய்யலாமே என்று தோன்றும். வெளிநாடுகளில் கொட்டகைகளில் செய்து பார்த்தவர் பலர். ஆனால் மெத்தனால் கொடிய நஞ்சு, பார்வையைப் பறிக்கும், தோல் வழியாகவும் ஆவியாகவும் உடலுக்குள் புகும். அது பற்றி எரியும் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குப் புலப்படுவதே அரிது. எரிசோடா தோலையும் கண்ணையும் அரிக்கும். அடுப்பு எரியும் சமையலறை இவற்றுக்கு ஏற்ற இடமன்று. இது பயிற்சி பெற்றவர் ஆலையில் செய்ய வேண்டிய தொழில். வீட்டின் பங்கு எண்ணெயைச் சேர்த்துத் தருவதே.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018 ஆகத்து 10 அன்று, உலக உயிரி எரிபொருள் நாளில், பழைய எண்ணெயைத் திரட்டும் 'ரூகோ' திட்டத்தைத் தொடங்கியது. பொரிப்பதற்கு நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் பயன்படுத்தும் நிறுவனங்கள் கணக்கு எழுதிவைத்து, கழித்த எண்ணெயை ஒப்புதல் பெற்ற முகவரிடமே தர வேண்டும். தெருவோரக் கடையும் வீடும் இந்த அளவுக்குள் வருவதில்லை. அவற்றின் எண்ணெய் பெரும்பாலும் சாக்கடைக்கே போகிறது. அங்கே குளிர்ந்து, உறைந்து, குழாயை அடைக்கிறது.

எண்ணெயைச் சேர்த்து வைப்பது கடினமன்று. நன்றாக ஆறிய பின் பெரியவர் ஒருவர் துணியில் வடிகட்டி, உலர்ந்த தகர டப்பாவில் ஊற்றி மூடிவைத்தால் போதும். சூடாக ஊற்றினால் நெகிழிப் புட்டி உருகிவிடும். சிறிது நீர் கலந்தாலும் ஆலையில் அது சோப்பாக மாறும். டப்பா நிறைந்ததும் எண்ணெயைத் திரட்டும் முகவரிடம் ஒப்படைக்கலாம்.