இறக்கை நுனியில் ஒரு கை

ஜெர்மனியின் ரோன் மலைப்பகுதியில் 950 மீட்டர் உயரத்தில் நிற்கிறது வாசர்குப்பே. 1920-இல் கிளைடர் போட்டிகள் தொடங்கிய மலை அது. அடிவாரத்து பாப்பன்ஹௌசன் ஊரில்தான் அலெக்ஸாண்டர் ஷ்லைஷர் தொழிற்சாலை இருக்கிறது. பல நாட்டுப் பயிற்சிக் கிளப்புகளில் பறக்கும் ஏஎஸ்கே 21 கிளைடரின் பிறப்பிடம் அதுவே.

இரண்டு பேர் அமரும் இந்தக் கிளைடரின் இறக்கை, நுனிக்கு நுனி 17 மீட்டர். ஆனால் மூக்கிலும் வயிற்றிலும் வாலிலும் உள்ள சக்கரங்கள் மூன்றும் ஒரே கோட்டில் இருக்கின்றன. அதனால் நிற்கும்போது சைக்கிள் மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து, இறக்கை நுனியைப் புல்லில் ஊன்றிக்கொள்ளும். பக்கவாட்டில் சக்கரம் வைத்தால் எடை கூடும், காற்றும் தடுக்கும். காற்றை மட்டுமே நம்பிப் பறக்கும் கிளைடருக்கு இரண்டுமே ஆகாது.

இன்ஜின் இல்லாததால், ஐம்பது அறுபது மீட்டர் கயிறு கட்டி முன்னால் ஒரு சிறு விமானம் இழுத்துச் செல்கிறது. கயிறு விறைத்து ஓட்டம் தொடங்கும்போது இறக்கையைச் சமமாக வைத்திருப்பது ஒரு மனிதக் கை. நுனியைப் பிடித்திருப்பவர் அதை இறுக்கிப் பற்றக் கூடாது. விரல்களைத் தளர்வாக வைத்தால், இறக்கை மேலே எழப் பார்க்கிறதா கீழே அமுங்குகிறதா என்று உள்ளங்கையே சொல்லிவிடும். ஓடும்போது பின்னால் இழுத்துவிட்டால், கிளைடரின் மூக்கு அவர் பக்கமே திரும்பிவிடும். பத்துப் பதினைந்து எட்டு ஓடுவார். அதற்குள் இறக்கை அவரை முந்திக்கொண்டு போய்விடும்.

அந்தச் சில நொடிகளுக்கு ஏன் கை தேவைப்படுகிறது? இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் ஏலரான் தகடுகள் ஒன்று ஏற, மற்றது இறங்கி, சாய்வைச் சரிசெய்கின்றன. அவற்றின் பலம் காற்றின் வேகத்தைப் பொறுத்தது, அதுவும் வேகத்தின் இருமடிப்படி. 80 கிலோமீட்டர் வேகத்தில் கிடைக்கும் விசையில், 20 கிலோமீட்டர் வேகத்தில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். விமானி ஸ்டிக்கை முழுவதும் சாய்த்தாலும் கிளைடர் சோம்பலாகத்தான் அசையும். போதாக்குறைக்கு, முன்னால் இருக்கும் விமானத்தின் புரொப்பல்லர் காற்று முறுக்கிக்கொண்டு பின்னோக்கி வருகிறது. பக்கக் காற்று அதை ஒதுக்கித் தள்ளினால் ஒரு இறக்கை மட்டும் அந்தக் கலக்கத்தில் மாட்டிக்கொள்ளும்.

கழைக்கூத்தாடி கையிலிருக்கும் நீண்ட மூங்கில் எளிதில் சாயாது. நீண்ட இறக்கையும் அப்படித்தான், ஆனால் சாய்ந்துவிட்டால் நிமிரவும் நேரமெடுக்கும். புதிதாகப் பழகுபவர்கள் பறக்கும்போது போலவே ஸ்டிக்கை மென்மையாக அசைத்துப் பார்ப்பார்கள். தொடக்கத்தில் அது போதாது. முழு அளவுக்குத் தள்ளி, வேகம் கூடக் கூட அசைவைக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. தாழ்ந்த இறக்கையைத் தூக்கக் கீழிறங்கும் ஏலரான் அந்தப் பக்கமே காற்றுத் தடையையும் கூட்டி, மூக்கை அங்கே இழுக்கும். அதனால் எதிர்ப்பக்கச் சுக்கான் மிதியையும் கூடவே அழுத்த வேண்டும்.

பந்தயக் கிளைடர்களில் மட்டும், வேகத்துக்காக வேண்டுமென்றே எடையைக் கூட்ட இறக்கைக்குள் தண்ணீர் நிரப்புவார்கள். ஓட்டம் அப்போது இன்னும் மெதுவாகத் தொடங்கும். கைவிட்ட பின்னும் ஏலரானுக்கு உயிர் வர நேரமாகும். ஃபிளாப் என்னும் பின்விளிம்புத் தகடுகள் உள்ள கிளைடர்களில் பலர் அவற்றை முதலில் மேல்நோக்கி வைத்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் குறைந்து, ஏலரான் சீக்கிரம் பிடிக்கும். வேகம் வந்ததும் கீழே இறக்கிக்கொள்வார்கள்.

இத்தனைக்குப் பிறகும் நுனி தாழ்ந்துகொண்டே போனால்? ஏஎஸ்கே 21-இல் நுனிக்கும் உடலுக்கும் எட்டரை மீட்டர். அவ்வளவு நீண்ட நெம்புகோலின் முனையைப் புல் பிடித்தால் கிளைடர் அப்படியே சுழலும், வால் முறியலாம். பிரிட்டிஷ் கிளைடிங் சங்கத்தின் அறிவுரை தெளிவானது: சமமாக வைக்க முடியவில்லையென்றால், நுனி தரையைத் தொடும் முன்பே கயிற்றை விட்டுவிடு. அதற்காகத்தான் விமானியின் இடது கை, கயிற்றை விடுவிக்கும் மஞ்சள் நிறக் குமிழருகே காத்திருக்கிறது. 'இன்னும் ஒரு நொடி பார்ப்போம்' என்ற நினைப்புதான் இங்கே மிகப் பெரிய ஆபத்து. அந்த நினைப்பு திறமையான கைகளுக்கும் வரும் என்பதால், கயிற்றை விட்டதை யாரும் தோல்வியாக எண்ணாத கிளப்பே நல்ல கிளப்.

எல்லாம் சரியாக நடந்தால், கிளைடர்தான் முதலில் தரையை விட்டு எழும். இழுக்கும் விமானம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். கிளைடர் அதிகம் உயர்ந்தால் அந்த விமானத்தின் வால் தூக்கப்பட்டுவிடும். அதனால் கிளைடர் ஓரிரு மீட்டர் உயரத்திலேயே காத்திருக்கும். பின்னால், நுனியைப் பிடித்தவர் மூச்சு வாங்க நின்று, வரிசையில் அடுத்துச் சாய்ந்து கிடக்கும் இறக்கையை நோக்கித் திரும்பி நடக்கிறார்.