துடிப்பு தெரிகிறது, ஆள் எங்கே?

1998 பிப்ரவரி இறுதியில் அமெரிக்காவின் டல்லஸ் நகரத்தில் ஒரு தொலைக்காட்சி நிலையம் தன் டிஜிட்டல் ஒளிபரப்பைச் சோதித்துப் பார்த்தது. அதே ஊரின் பேய்லர் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில், இதய நோயாளிகள் அணிந்திருந்த கம்பியில்லாக் கண்காணிப்புக் கருவிகள் தடுமாறின. அதுவரை காலியாகக் கிடந்த ஒரு டி.வி. அலைவரிசையில்தான் அவை இயங்கி வந்தன. நல்லவேளையாக யாருக்கும் பாதிப்பில்லை. 2000இல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம், 608 முதல் 614 மெகாஹெர்ட்ஸ் உள்ளிட்ட சில அலைவரிசைகளை மருத்துவத் தொலைக் கண்காணிப்புக்கென ஒதுக்கியது. வெளியிலிருந்து வரும் இடையூறுக்கு அது சரியான மருந்து. ஆனால் இன்று இணைப்பு அறுவது பெரும்பாலும் மருத்துவமனைக்கு உள்ளேயே. அறுந்த நொடியில் செவிலியருக்குத் தெரிய வேண்டியவை இரண்டு: இணைப்பு போய்விட்டது என்பதும், ஆள் எங்கே இருக்கிறார் என்பதும். இரண்டாவதை ஆடம்பரமாக நினைத்துத் தள்ளிப்போடுவது பெரிய பிழை.

மார்பில் ஒட்டும் சென்சார் பட்டை எப்படித் திணறுகிறது என்று பாருங்கள். புளூடூத்தும் வைஃபையின் ஒரு பகுதியும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. அந்த அலையை உடலில் உள்ள நீர் நன்றாகவே உறிஞ்சிவிடும். நோயாளி குப்புறப் படுத்தாலே சிக்னல் மங்குகிறது. எக்ஸ்ரே அறைச் சுவரில் ஈயத் தகடு, லிஃப்டைச் சுற்றி உலோகம். வராந்தாவில் நடக்கும்போது ஒரு வைஃபை கருவியின் எல்லையிலிருந்து அடுத்ததற்கு மாற வேண்டும். எப்போது மாறுவது என்பதைப் பெரும்பாலும் நோயாளி அணிந்த கருவிதான் முடிவு செய்கிறது. பழைய இணைப்பு முற்றிலும் தேய்ந்த பிறகும் அதை விடாமல் பிடித்திருக்கும் கருவிகள் உண்டு. இதற்குத் தீர்வாகச் சென்சாருக்குள்ளேயே நினைவகம் வைக்கிறார்கள். வினாடிக்கு 250 முறை, முறைக்கு 12 பிட் எனப் பதிந்தால் ஒரு மணி நேர ஈசிஜி 1.4 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். இணைப்பு திரும்பியதும் விடுபட்டதை அனுப்பிவிடலாம். மறுநாள் காலை மருத்துவருக்கு அது அருமையான பதிவு. இந்த நிமிடம் இதயம் நின்றவருக்கு அதனால் பயனில்லை. உடனடி முதலுதவி கிடைக்காதபோது, அதிர்ச்சி சிகிச்சை தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது.

படுக்கை எண்தான் திரையில் இருக்கிறதே, போதாதா என்று கேட்கலாம். படுக்கையை விட்டு எழ முடியாதவருக்குக் கம்பியே போதும். தீவிர சிகிச்சைப் பிரிவில் அதுதான் நம்பகமானதும்கூட. கம்பியில்லாக் கருவியைத் தருவதே அறுவை சிகிச்சை முடிந்தவர் சீக்கிரம் எழுந்து நடக்கட்டும், காலில் ரத்தம் உறையாமல் இருக்கட்டும் என்பதற்காகத்தான். நடக்கச் சொல்லிவிட்டுப் படுக்கையில் போய்த் தேடினால் எப்படி?

கட்டடத்துக்குள் ஜிபிஎஸ் உதவாது. வைஃபை சிக்னலின் வலிமையை வைத்துத் தூரத்தைக் கணிக்கலாம் என்றால், சுவரிலும் இரும்புக் கட்டிலிலும் பட்டுத் திரும்பும் அலைகள் கணக்கைக் குழப்பிவிடுகின்றன. பரந்த அலைவரிசையில் மிகக் குறுகிய துடிப்புகளை அனுப்பி, அவை வந்து சேரும் நேரத்தை அளக்கும் முறை இதைவிடத் துல்லியமானது: ஒரு நானோ வினாடியில் ரேடியோ அலை ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் போகும். ஆனாலும் மருத்துவமனைக்கு வேண்டியது சென்டிமீட்டர் கணக்கு அல்ல என்பது என் எண்ணம். மூன்று மீட்டர் பிழை மைதானத்தில் ஒன்றுமில்லை; மருத்துவமனையில் அது சுவருக்கு அந்தப் பக்கம், அல்லது ஒரு மாடி கீழே. ஓடி வருபவர் தவறான கதவைத் திறப்பார். எந்த அறை என்பது சந்தேகமின்றித் தெரிந்தால் போதும். கேம்பிரிட்ஜில் ஒலிவெட்டி ஆய்வகத்தினர் உருவாக்கி 1992இல் விவரித்த பேட்ஜ் கருவி, 15 வினாடிக்கு ஒருமுறை அகச்சிவப்புக் கதிரில் தன் அடையாளத்தைச் சொல்லும். அந்தக் கதிர் சுவரைத் தாண்டாது. தகவல் தொடர்புக்குக் குறையாகத் தெரிகிற இதே குணம், அறையை அடையாளம் காணப் பெரும் பலம். ரேடியோவில் இதயத் துடிப்பும் அகச்சிவப்பில் அறையும் என வேலையைப் பிரித்துக் கொடுக்கலாம்.

செவிலியர்கள் ஏற்கெனவே அலாரத்தில் மூழ்கிக் கிடக்கிறார்கள், இன்னும் ஒன்றா என்ற ஆட்சேபம் நியாயமானது. அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயின்ட் கமிஷன் 2013இல் விடுத்த எச்சரிக்கையின்படி, 2009 ஜனவரியிலிருந்து 2012 ஜூன் வரை அதற்குத் தெரிவிக்கப்பட்ட அலாரம் தொடர்பான 98 நிகழ்வுகளில் 80 மரணத்தில் முடிந்தன. அலாரங்களில் 85 முதல் 99 சதவீதத்துக்குச் சிகிச்சை எதுவும் தேவைப்படுவதில்லை என்கிறது அதே எச்சரிக்கை. ஓயாமல் கத்துவதைக் காது கேட்காமல் விட்டுவிடும். இருப்பிடத் தகவல் இந்தச் சத்தத்தைக் குறைக்க உதவும் என்பதே என் பதில். ஸ்கேன் அறைக்கு அழைத்துச் செல்லப்பட்டவரின் இணைப்பு அறுந்தால், உடன் ஆள் இருப்பதால் திரையில் ஒரு குறிப்பு போதும். தனியாக நடந்துகொண்டிருந்தவரின் இணைப்பு வராந்தாக் கோடியில் அறுந்தால் உடனே மணி அடிக்க வேண்டும். இடம் தெரியாத இயந்திரத்தால் இந்த வேறுபாட்டைக் காண முடியாது.

நடமாட்டத்தைப் பின்தொடர்வது அந்தரங்கத்தில் தலையிடுவதாகாதா? ஆகும், கட்டுப்பாடு இல்லாவிட்டால். நோயாளியின் சம்மதத்தோடு, அவர் அணிந்த சென்சாரின் கடைசி இடத்தை மட்டும் வைத்திருந்து, வீடு திரும்பும் நாளில் அழித்துவிடலாம். செவிலியர் எத்தனை முறை தேநீர் குடிக்கப் போனார் என்று கணக்கெடுக்க இதே கருவியைத் திருப்பிவிடும் நிர்வாகத்தை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன்.

செலவுதான் கடைசித் தடை. அறைக்கு ஒரு அகச்சிவப்புக் கருவி, அதற்கு பேட்டரி, பராமரிப்பு என்று சேர்ந்தால் தொகை சிறியதல்ல. ஆனால் எல்லா அறையிலும் ஒரே நாளில் பொருத்த வேண்டியதில்லை. நோயாளி தனியாக இருப்பதும் சிக்னல் பலவீனமாவதும் சேர்ந்து நிகழும் இடங்கள் சில: கழிவறை, லிஃப்டின் முன்பக்கம், படிக்கட்டுத் திருப்பம், ஸ்கேனுக்குக் காத்திருக்கும் இடம். சென்சாரை அணிந்த ஒருவரை இந்த வழியெல்லாம் நடக்கவிட்டு, எங்கெங்கே இணைப்பு அறுகிறது என்று குறித்துக்கொண்டு, முதல் கருவிகளை அங்கே மாட்டலாம். கழிவறையிலிருந்து தொடங்குவது நல்லது. அங்கே கதவும் உள்பக்கம் தாழிட்டிருக்கும்.