லட்சக்கணக்கானோரில் நீங்களும் ஒருவர்!

சித்திரக்கதை என்றால் உங்களுக்கு உயிரா? அப்படியானால் ஜப்பானில் கூடும் 'காமிக் மார்க்கெட்'டுக்கு ஒரு தடவையாவது போய்வர ஆசை இருக்கும். ரசிகர்களே வரைந்து, அச்சிட்டு, விற்கும் புத்தகச் சந்தை அது. 1975-ல் முதன்முதலாகக் கூடியபோது வந்தவர்கள் சுமார் 700 பேர்தாம். 2019 டிசம்பரில் டோக்கியோவின் 'பிக் சைட்' மண்டபத்துக்கு நான்கு நாட்களில் வந்தவர்களோ ஏழரை லட்சம்!

முதல் தடவை போகிறவரா நீங்கள்? நுழைவுச் சீட்டை முன்னதாகவே வாங்கிவிடுங்கள். முந்தின இரவு நன்றாகத் தூங்குங்கள். விடிய விடிய வாசலில் காத்துக் கிடக்க அங்கே அனுமதியில்லை. ரயில் அட்டையில் திரும்பி வருவதற்கும் சேர்த்துப் பணம் போட்டு வையுங்கள். 100 யென், 500 யென் நாணயங்கள் பை நிறைய இருக்கட்டும். பெரிய நோட்டை நீட்டினால் சில்லறைக்கு அவர் எங்கே போவார், பாவம்! கூட்ட நெரிசலில் கைபேசி கைகொடுக்காமல் போகலாம். ஆகவே, உடன் வருபவரைச் சந்திக்க ஓர் இடமும் நேரமும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். வேஷம் தரித்தவர்களைக் கேட்காமல் படம் பிடிக்காதீர்கள்.

ஆகஸ்டு மாதச் சந்தையானால் தண்ணீர், தொப்பி, உப்பு மிட்டாய் மூன்றையும் மறக்கவே கூடாது. வெயிலில் மணிக்கணக்கில் நின்று மயங்கி விழுகிறவர்கள் உண்டு.

அங்கே 'வாடிக்கைக்காரர்' என்று யாருமே கிடையாது. விற்பவர், வாங்குபவர், தொண்டர் எல்லோரும் 'பங்கு கொள்பவர்'களே என்பது அச்சந்தையின் கொள்கை. ஒருவர் விழுந்தால் தொண்டர்கள் ஓடி வரவேண்டும். வரிசையே திகைத்து நிற்கும். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்வதும் அங்கே பிறருக்குச் செய்யும் உபகாரம்தான்!