பயணச்சீட்டும் பழச்சுவை மாத்திரையும்

காசநோய் குழந்தைகளையும் தாக்குகிறது. அது குணமாகப் பல மாதங்கள் தொடர்ந்து மருந்து உட்கொள்ள வேண்டும். ஆனால், குழந்தைகளுக்கு ஏற்ற அளவிலான கூட்டு மாத்திரை நெடுங்காலம் கிடைக்கவில்லை. பெற்றோர் பெரியவர்களின் மாத்திரையை உடைத்தும் பொடியாக்கியும் கொடுத்தனர். குழந்தையின் வயிற்றுக்குள் எவ்வளவு மருந்து சென்றது என்பதை உறுதியாகச் சொல்ல இயலாது. கசப்புத் தாங்காமல் குழந்தை துப்பிவிட்டால் அந்த வேளை மருந்தும் வீண்தான்.

மருந்து நிறுவனங்கள் ஏன் முன்வரவில்லை? இந்நோய்க்கு ஆளாகும் குழந்தைகளுள் பெரும்பாலோர் ஏழை நாடுகளில் வாழ்பவர்கள். அவர்களுக்கென மருந்து தயாரித்தால் இலாபம் குறைவு.

இந்நிலையை மாற்ற உதவிய பணம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 2006ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல், பிரான்சிலிருந்து புறப்படும் விமானப் பயணிகளின் பயணச்சீட்டில் ஒரு சிறிய வரி சேர்க்கப்பட்டது. ஐரோப்பாவுக்குள் சாதாரண வகுப்பில் செல்பவருக்கு அது வெறும் 1 யூரோ. பயணிகள் பலர் அதைக் கவனித்திருக்கக்கூட மாட்டார்கள். அந்த வரிப்பணத்தின் பெரும்பகுதி, அதே ஆண்டில் தொடங்கப்பட்ட யுனிட்எய்ட் என்னும் அனைத்துலக அமைப்பைச் சென்றடைந்தது. எய்ட்ஸ், காசநோய், மலேரியா ஆகியவற்றுக்கான மருந்துகளும் பரிசோதனைக் கருவிகளும் ஏழை நாடுகளுக்குக் கிடைக்கச் செய்வது அதன் பணி. வேறு சில நாடுகளும் அதற்கு நிதி வழங்குகின்றன.

யுனிட்எய்ட் அளித்த நிதியைக் கொண்டு, குழந்தைகளுக்கான புதிய மாத்திரைகள் உருவாக்கப்பட்டன. அவை நீரில் கரைபவை; பழச்சுவை கொண்டவை. 2016ஆம் ஆண்டு, உலகிலேயே முதன்முதலாகக் கென்யா அவற்றை நாடு முழுவதும் வழங்கத் தொடங்கியது.

எனினும், மற்றொரு சிக்கல் எஞ்சியுள்ளது. காசநோயைக் கண்டறியப் பெரும்பாலும் சளியைச் சோதிக்கிறார்கள். சிறு குழந்தைகளுக்கோ சளியைக் காறி உமிழத் தெரியாது. நோய் கண்டறியப்படாத குழந்தையின் கைக்கு அந்த மாத்திரை இன்னும் போய்ச் சேர்வதில்லை.